நாலாம் நம்பர் வீட்டின் பின்சுவர்

எங்கள் எஸ்டேட் கம்பெனியின் நிர்வாகக் கையேட்டில் குடியிருப்புப் பராமரிப்புக்கென்று தனி அத்தியாயம் உண்டு. அதன் நாற்பத்தோராம் விதி, தொழிலாளர் வீடுகள் அனைத்துக்கும் ஆண்டுதோறும் ஜூன் பதினைந்துக்குள் வெள்ளையடித்து முடிக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் அறிந்த விதி அது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், உட்பிரிவு ‘ஆ’ இருக்கிறது: குடியிருப்பவர் தக்க காரணம் காட்டி எழுத்து மூலம் கேட்டால், ஓர் அறையையோ ஒரு சுவரையோ வெள்ளையடிப்பதை நூறு நாள் வரை தள்ளிவைக்கக் கோட்ட மேலாளருக்கு அதிகாரம் உண்டு, இதற்கு மேலிடத்தின் அனுமதி தேவையில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்தும் இதை ஒரு சொல் பிசகாமல் என்னால் சொல்ல முடியும். 1976ஆம் வருடம் ஜூன் மாதத்திலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களுக்கு அப்படி ஓர் உட்பிரிவு இருப்பதே தெரியாது. அந்தக் கோட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

நான் அங்கே ரைட்டர். எஸ்டேட் பாஷையில் ரைட்டர் என்றால் பேர் போடுவது என்கிற வருகைப் பதிவு முதல் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவது வரை எல்லா எழுத்து வேலையும் பார்க்கிற குமாஸ்தா. மதுரையில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கிவிட்டு, சொந்த ஊரான சிலமலைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று அந்த வேலைக்கு வந்திருந்தேன். கம்பெனியின் ஏலக்காடு போடிமெட்டுக்கு அப்பால் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரிவில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, ஒரு கோட்ட ஆபீசும் ஆறு வீடுகள் கொண்ட ஒரு லைனும் வைத்திருந்தார்கள். காலையில் ஜீப்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும், மாலையில் இறக்கிவிடும். பகலில் அந்தச் சரிவில் நானும் டைப்ரைட்டரும் கோட்ட மானேஜரும் மட்டும்தான். என் மேஜைக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே முப்பது தப்படியில் லைன் வீடுகளின் பின்பக்கம். அதில் நாலாம் நம்பர் வீடு மேஸ்திரியுடையது.

மேஸ்திரி ராசிங்காபுரத்துக்காரர். நிழல் மரங்களின் கொப்புகளைக் கழிக்கிற குழுவுக்குத் தலைவர். ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. மழைக்கு முன்னால் மரத்தில் ஏறி, எந்தக் கொப்பை வெட்டினால் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று கணித்து வெட்ட வேண்டும். அந்தக் கணக்கு அவருக்குக் கைவந்தது. அதே கணக்கைத்தான் அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்கறித் தோட்டத்திலும் போட்டார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கத்தரியும் மிளகாயும் வைத்தபோது அவர் கொடிக்காய் மட்டுமே வைத்தார். பூசணி, சுரை, பீர்க்கு, பாகல். சரிவில் மண் குறைவு, பாறை அதிகம். குழிக்கு மட்டும் மண் இருந்தால் போதும், கொடி பாறைமேல் படர்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. மூன்று அடுக்காகக் கல் அணைத்து, முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒவ்வொரு குழிக்கும் சாம்பலும் தொழுவுரமும் காட்டுச் சருகும் போட்டு மூடி வைப்பார். வருடத்தில் நாலு மாதம் அந்த வீட்டில் காய் கடையில் வாங்கியதில்லை. மீதி ஐந்து வீட்டுக்கும் போகும். மானேஜர் பங்களாவுக்கு மாதம் ஒரு பூசணி போகும். எனக்குப் பீர்க்கு.

காவல்தான் பெரும்பாடு. காட்டுப்பன்றி ஒரு பொழுதில் மூன்று அடுக்கையும் உழுது போட்டுவிடும். அதற்கு அவர் இலந்தை முள்ளை வெட்டிவந்து இரட்டை வேலி அடைப்பார். வேலிக்கு வெளியே மனித முடியைத் தூவுவார். பன்றி மண்ணை மோந்துகொண்டே வரும், முடி மூக்கில் ஏறினால் திரும்பிவிடும் என்பார்கள். இதற்காகவே மாதம் ஒரு முறை போடிக்குப் போய், சலூன் கடைகளில் சொல்லிவைத்து, சாக்கில் முடியை அள்ளிக்கொண்டு வருவார். ஜீப்பு டிரைவர் அந்தச் சாக்கைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவான்.

“என்ன மாமா, போடிக்காரன் தலையெல்லாம் ஒங்க தோட்டத்துலதான் கெடக்கு போல.”

“ஒந்தலயும் ஒருநா வரும்டா மாப்ளே. வந்தா பன்னி மட்டுமில்ல, யானையும் இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காது.”

நான் சொல்ல வந்தது அவருடைய வேலியைப் பற்றி அல்ல, சுவரைப் பற்றி. கொடிக்காய் விதையைச் சாணியில் பொதிந்து சுவரில் அப்பி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூச்சி தொடாது, எலி தொடாது. ஆடியில் பெயர்த்தெடுத்து அப்படியே குழியில் வைத்தால் சாணியே அடியுரமாகிவிடும். சிலமலையில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரிலும் என் அம்மா ஒட்டுவாள். ஆகவே அது என்னவென்று தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை. மேஸ்திரி செய்ததில் மட்டும் ஒரு வித்தியாசம் இருந்தது. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சுவருக்கு முன்னால் சாணி உருண்டையோடு வெகுநேரம் நிற்பார். ஒன்றை அப்புவார். பின்னால் நகர்ந்து பார்ப்பார். தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பார். அடுத்ததை அப்புவார். மூன்று அடுக்கு நிலத்துக்குச் சுவரில் மூன்று வரிசை. எந்தக் குழிக்கு எந்த விதையோ, அந்த வரட்டி சுவரில் அந்தக் குழியின் இடத்தில் இருக்கும். நாலு விரலை அழுத்திய தடம் இருந்தால் பூசணி, மூன்று சுரை, இரண்டு பீர்க்கு, ஒற்றை விரல் பாகல். போன வருடம் பூசணி நின்ற குழியில் இந்த வருடம் பாகல் வரும். பெரும் பாறைக்குப் பக்கத்துக் குழிகளுக்கு மட்டும் ஏதோ தனிக் கணக்கு. அவருக்கு எழுத்து தெரியாது. வரப்போகும் வெள்ளாமையின் முழுத் திட்டமும் அந்தச் சுவரில் நாற்பதுக்குக் குறையாத வரட்டிகளாக மாசி முதல் ஆடி வரை இருக்கும். கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்ட வரைபடங்களை நான் அச்சடித்துப் பைண்டு செய்து அலமாரியில் வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றாவது அப்படி நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் சித்திரைக் கடைசியில், மேலே காட்டில், கொப்பு கழிக்கும்போது மேஸ்திரி மரத்திலிருந்து விழுந்தார். ஜீப்பில் போடிக்குக் கொண்டு இறங்கும் வழியிலேயே உயிர் போய்விட்டது. விபத்து அறிக்கையை மூன்று படிகளில் நான்தான் தயாரித்தேன். குறையில்லாத அறிக்கை என்று மேலிடத்திலிருந்து பாராட்டியே எழுதினார்கள்.

அவர் மனைவியை மேஸ்திரியம்மா என்றே லைனில் எல்லோரும் கூப்பிட்டார்கள். நாற்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. அவரும் பதிவேட்டில் பேர் போட்ட ஆள்தான், களையெடுப்புக் கூட்டத்தில். ஆகவே வீடு அவர் பெயருக்கு மாறியது; அந்த உத்தரவும் என் டைப்ரைட்டரில்தான் அடித்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ராசிங்காபுரத்திலிருந்து திரும்பியதும் அவர் முதலில் செய்தது, குழிகளைத் திறந்து சருகு மாற்றியதுதான். மே மாதக் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கியவர், வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

“ரைட்டரய்யா, வெள்ளையடிக்க வர்றாகளாமே?”

“ஆமக்கா. பதினஞ்சாந் தேதிக்குள்ள.”

“எங்க வீட்டுல பின்செவத்த மட்டும் விட்ரச் சொல்லுங்கய்யா. ஆடி பெறக்கட்டும். நானே பேத்து எடுத்துட்டு, சுண்ணாம்பையும் நானே அடிச்சு விட்ருறேன்.”

“வெதைய இப்பவே எடுத்து ஒரு பானையில போட்டு வச்சுக்கிற வேண்டியதுதானக்கா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

“பானையில போட்டா எது எந்தக் குழிக்குன்னு பானையாய்யா சொல்லும்? வெரலுக் கணக்குத்தான் எனக்குத் தெரியும். குழிக் கணக்கு அவுகளுக்குத்தான். செவத்தப் பாத்துக்கிட்டே ஒண்ணொண்ணா எடுத்து ஊனணும். இந்த ஒரு வெள்ளாம, அவுக நெனச்ச மாதிரியே வந்துட்டாப் போதும்யா. அடுத்த வருசம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி போட்டுக்கிருவேன்.”

அவர் கேட்டது இவ்வளவுதான். இறந்துபோன ஒருவர் மாசி மாதம் மனதில் பார்த்த தோட்டத்தை ஆடியில் மண்ணில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சுவர், நாற்பத்தைந்து நாள்.

நான் உட்பிரிவு ‘ஆ’வை எடுத்து, மானேஜரிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பதில்கள் எதுவும் ஒரு நல்ல குமாஸ்தா ஏற்றுக்கொள்ளும் தரத்தில் இல்லை. அந்த வருடம் புதிய பொது மேலாளர் வந்திருந்தார். கோட்டத்து ரைட்டர்களில் யார் நன்றாக எழுதுகிறார்கள் என்று கவனிக்கிறார் என்று கேள்வி. சாணி வரட்டி, இறந்த தொழிலாளி, ஆடிப்பட்டம், நாற்பத்தோராம் விதி எல்லாம் சேர்ந்த விண்ணப்பம் தினமும் கிடைக்காது. மேஸ்திரியம்மா பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கைநாட்டு வாங்கினேன். அதோடு இரண்டு பக்கத்துக்கு என் குறிப்பை இணைத்தேன். சாதகம், பாதகம், முன்மாதிரி ஏற்படும் அபாயம், சுகாதாரக் கோணம். கடைசி வரி: ‘தக்க அறிவுரை வேண்டிப் பணிந்து அனுப்பப்படுகிறது.’ எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

“எழுதியாச்சுக்கா. மதுரை ஹெட்டாபீசுக்குப் போயிருச்சு,” என்றேன் அவரிடம்.

“எழுதியாச்சுல்ல, அப்பறம் என்னய்யா,” என்று சொல்லிவிட்டுப் போனார். லைன் முழுக்க அப்படித்தான் சொன்னாராம். ரைட்டரய்யா எழுதிவிட்டார், இனி யாரும் தொட மாட்டார்கள் என்று. எழுதுவது என்றால் அவர்கள் வீட்டில் மேஸ்திரி சுவரில் எழுதியதுதான். அது எழுதியபடியே முளைக்கும்.

வெள்ளையடிப்பவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மானேஜரே இந்தப் பேச்சை எடுத்தார். கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். பூசணி சாப்பிட்டவர்.

“ஒரு செவரல்லே ரைட்டரே, விட்டேக்கு. நம்மளே விட்டாப் போதுமல்லே?”

“லெட்டர் போயிருச்சு சார். மேல கேட்டுட்டு, பதில் வர்றதுக்கு முன்னாடி நாமளே முடிவு பண்ணினா, பின்ன எதுக்குக் கேட்டீங்கன்னு கேப்பாங்க.”

அவர் தலையாட்டினார். முறைப்படி நான் சொன்னது சரி. மேலிடத்தின் பரிசீலனைக்குப் போன விஷயத்தில் கீழே இருப்பவர் கைவைக்கக் கூடாது; பதில் வரும் வரை நடப்பிலுள்ள உத்தரவே செல்லும். நடப்பிலுள்ள உத்தரவு வெள்ளையடிக்கச் சொன்னது. அதாவது, அந்தச் சுவரைக் காப்பாற்றும் அதிகாரம் முப்பது தப்படியில் இருந்தது. அதை எடுத்து மதுரைக்குத் தபாலில் அனுப்பிவைத்தவன் நான்.

ஜூன் பதினொன்று, முற்பகல். ஆட்கள் எல்லோரும் மேலே காட்டில் இருந்தார்கள். வெள்ளையடிக்க நாலு பேர் வந்திருந்தார்கள். ஆபீசுக்கும் லைனுக்கும் நடுவில் குழி வெட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். குழி கொதித்து ஆவி எழுந்தது. முதல் மூன்று வீடுகளின் சுவர்களைச் சுரண்டி முடித்து நாலாவதுக்கு வந்தபோது, அவர்களின் தலைவர் சுவரைப் பார்த்து நின்றார். அவரும் கிராமத்து ஆள்தானே. என் ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“ரைட்டர் சார்! இதுல வெத ஒட்டிருக்கு. இதையுஞ் சேத்துத்தானா?”

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்: “ஆர்டர்ல என்ன இருக்கோ, அதப் பண்ணுங்க.”

நான் காகிதத்தை டைப்ரைட்டரில் செருகினேன். பிறகு மண்வெட்டியின் ஓரத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது. காய்ந்த சாணி சுவரிலிருந்து பெயர்வதில் பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்தை வைத்து நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் எனக்கே உறைத்தது. பெயர்த்ததை எல்லாம் கூடையில் அள்ளி, மற்ற வீட்டுச் சுவர்களின் காரைத் தூளோடு சேர்த்து, கொதிக்கிற சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில் கொட்டினார்கள். பாதி உள்ளே சரிந்தது.

மாலையில் ஜீப்பு வந்தது. மேஸ்திரியம்மா வீட்டின் பின்பக்கம் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் ஈரம் காயாமல் இருந்தது. அவர் கையை நீட்டினார், தொடவில்லை. பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். அழுவார் அல்லது ஏசுவார் என்று நினைத்து, இரண்டுக்குமான சொற்களைத் தயாராக வைத்திருந்தேன்.

“பதில் வந்துருச்சாய்யா?” என்றார்.

“இன்னும் வரலக்கா.”

“வரலேன்னா தொடாமத்தான இருக்கணும்?”

கையேட்டில் எந்த அத்தியாயத்திலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அவர், சுரண்டியதை எங்கே கொட்டினார்கள் என்று மட்டும் கேட்டார். காட்டினேன். குழியின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து, முந்தானையில் அள்ளினார். சாணி வெந்து வெளிறிப்போயிருந்தது. உடைத்துப் பார்த்த விதைகள் கையில் அப்பளம்போல் நொறுங்கின. நொறுங்காதவற்றை மட்டும் பொறுக்கினார். சுண்ணாம்பு தின்று அவர் விரல்நுனிகள் ஒரு வாரம் வெந்துகிடந்தன.

அடுத்த சனிக்கிழமை நான் போடிக்கு இறங்கி, விதைக்கடையில் பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் நாலிலும் நல்ல விதையாகப் பார்த்து வாங்கிவந்து கொடுத்தேன். மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“இருக்கட்டும்யா. அடுத்த வருசத்துக்கு ஆகும்.”

“இந்த வருசமே போடலாமேக்கா.”

“இந்த வருசத்துது அவுகளுதுய்யா.”

ஆடி பிறந்ததும் பொறுக்கிய விதைகளை ஊன்றினார். எந்தக் குழியில் எது என்று நினைவிலிருந்து, தானாக ஒரு கணக்கில் வைத்தார் போலிருக்கிறது; பாறைப் பக்கத்துக் குழிகள் சிலவற்றை அப்படியே புதிதாகவும் எடுத்தார். பிறகு வேலி. வேலைக்குப் போகுமுன் விடிகாலையில் இலந்தை முள்ளை வெட்டிவந்து, ஒற்றை ஆளாக நின்று, மேஸ்திரி அடைத்த அதே இரட்டை வேலியை அடைத்தார். ஜீப்பு டிரைவரிடம் சொல்லி சலூன் முடி வரவழைத்துத் தூவினார். பன்றி வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று கல் போட்ட தகர டப்பாக்களைக் கயிற்றில் கட்டினார். தினம் காலையும் மாலையும் நாற்பது குழிக்கும் தண்ணீர். பதினைந்து நாளாயிற்று, ஒரு மாதமாயிற்று. ஒரு குழியிலும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆவணி வந்தது. மற்ற வீடுகளின் தோட்டங்களில் பன்றி புகுந்து இரண்டு தடவை நாசம் செய்தது. நாலாம் நம்பர் தோட்டத்தை மட்டும் அது சுற்றிக்கொண்டு போனது. வெறும் மண் அவ்வளவு பத்திரமாகக் காக்கப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “அத்தே, உள்ள ஒண்ணுமில்லாத எடத்துக்கு எதுக்கு இம்புட்டு வேலி?”

“ஒண்ணுமில்லேன்னு பன்னிக்கு நீ போயிச் சொல்லிட்டு வர்றியாக்கும்? போ அப்பு, ஓஞ் சோலியப் பாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களிடம் எல்லாம் வழக்கம்போலப் பேசினார். என்னிடமும் பேசினார். காலையில் ஜன்னலைத் தாண்டும்போது ஒரு தடவை நின்று, “தபால் வந்துச்சாய்யா?” என்பார். இல்லை என்பேன். போய்விடுவார். குத்தலாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையிலேயே பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டார். நான் இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். இரண்டும் முறையாக எண்ணிடப்பட்டவை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சரிவில் எல்லாச் சுவரும் ஓதம் ஏறி நனைந்து நின்றன. ஒருநாள் காலை மழை விட்ட நேரம், தலையை உயர்த்தியவன் அப்படியே இருந்துவிட்டேன். நாலாம் நம்பர் பின்சுவரில், வெள்ளைக்கு அடியிலிருந்து, வட்டம் வட்டமாகப் பழுப்பு மஞ்சளில் கறை ஏறியிருந்தது. மூன்று வரிசை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் விரல் அழுத்திய இடம் மட்டும் கூடுதல் கறுப்பு. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. சாணி ஊறிய சுவரில் ஒரு பூச்சு சுண்ணாம்பு நிற்காது என்பது வெள்ளையடிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம். நானும் பகலில் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மேஸ்திரியம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. சுவரின் முன்னால் நின்றார். திரும்பித் தோட்டத்தைப் பார்த்தார். மறுபடி சுவர். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனார். பாறைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு குழிகளை மூடினார். எண்ணித் தப்படி வைத்து, அவற்றுக்கு மேலே, அடுத்த அடுக்கில், புதிதாக இரண்டு குழிகள் எடுத்தார். ஒரு குழியை ஒரு முழம் தள்ளினார். சுவரைப் போய்ப் பார்ப்பதும் வந்து வெட்டுவதுமாக மத்தியானம் வரை வேலை நடந்தது. நினைவில் தவறாக வைத்த குழிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. பட்டம் போய் மூன்று மாதமாகிவிட்டது. போட விதையும் இல்லை. எல்லாக் குழியும் சுவரில் உள்ளபடி அமைந்ததும் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அன்று சாயங்காலம் தபால் வந்ததா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு ராசிங்காபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகுமுன் வேலியைப் பிரித்து முள்ளை எரித்தார். நான் வாங்கிக் கொடுத்த நாலு பொட்டலங்களையும் அப்படியே பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் போட்டார்கள். நன்றாகக் காய்த்தது. எனக்கும் ஒரு பீர்க்கு வந்தது. வாங்கி ஆபீஸ் மேஜைமேல் வைத்தேன். அது அங்கேயே வதங்கியது.

அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் மழையிலேயே புகார் கொடுத்தார்கள், சுவர் அழுக்காக இருக்கிறது என்று. அடுத்த ஜூனில் இரண்டு பூச்சு அடிக்க உத்தரவு போட்டேன். ஐப்பசியில் கறை வந்தது. அதற்கடுத்த வருடம் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூசச் சொன்னேன். அந்த வருடம் வரவில்லை, நிம்மதியாக மூச்சுவிட்டேன். மறுவருடம் வந்தது. வட்டங்கள் மங்கிவிட்டன, வரிசை மட்டும் தெளிவாக இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் ஓதக்கறை. எனக்கு மட்டும் எது பூசணி, எது பாகல் என்று படிக்கத் தெரியும். அந்த ஜன்னலுக்கு முன்னால் ஆறு ஐப்பசிகள் உட்கார்ந்திருந்தேன். மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று மானேஜர் ஒருமுறை சொன்னார். வெளிச்சம் போதாது என்று சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவரை வைத்துக்கொண்டு உட்காரும் துணிச்சல் எனக்கு இல்லை.

1982இல் பதவி உயர்வு கொடுத்து மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களுக்கு நான் கண்காணிப்பாளர். இரண்டு வருடம் கழித்து, நிலுவைக் கோப்புகளை எல்லாம் ஒழித்துக்கட்டும்படி ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டுகளைப் பிரித்தோம். மூன்றாவது கட்டில் என் கையெழுத்து இருந்தது. இரண்டு பக்கக் குறிப்பு, மேஸ்திரியம்மாவின் கைநாட்டு வைத்த விண்ணப்பம், இரண்டு நினைவூட்டுகள். ஓரத்தில் பொது மேலாளர் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நல்ல குறிப்பு. குடியிருப்புப் பிரிவு பார்த்து வைக்கவும்.’ பிரிவு பார்த்து வைத்துவிட்டது.

விண்ணப்பதாரருக்குப் பதில் அனுப்பாமல் கோப்பை முடிக்கக் கூடாது என்பது விதி. காலம் கடந்துவிட்டதால் தேவை எழவில்லை என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம், அதற்கும் இடமுண்டு. நான் எழுதவில்லை. ஒரு காகிதத்தை டைப்ரைட்டரில் செருகி, உட்பிரிவு ‘ஆ’வை எட்டு வருடத்தில் முதல்முறையாக மேற்கோள் காட்டினேன். நாலாம் நம்பர் வீட்டின் பின்சுவருக்கு ஆடி மாதம் முடியும் வரை வெள்ளையடிக்கக் கூடாது என்றும், இதற்கான அதிகாரம் தொடக்கத்திலிருந்தே கோட்டத்திலேயே இருந்தது என்றும், அதை அறிந்திருந்தும் மேலிடத்துக்கு எழுதியது அப்போதைய ரைட்டரின் பிழை என்றும் அடித்தேன். கடைசி வாக்கியம் கம்பெனிக் கடிதங்களில் வழக்கமில்லாதது. அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கோட்டத்துக்கு ஒரு படி. மேஸ்திரியம்மாவுக்கு ஒரு படி, ராசிங்காபுரம் முகவரிக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில்.

அவர் உயிரோடிருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பஸ்சு ஏறினால் போதும். ஏறவில்லை. தபாலாபீஸ் எனக்காகப் போய்வரட்டும் என்று இருந்துவிட்டேன், பழக்கம் அப்படி. பத்து நாளில், ஆடி பிறந்திருந்த வேளையில், ஒப்புகை அட்டை திரும்பி என் மேஜைக்கு வந்தது. பெற்றவர் கையொப்பத்துக்கான இடத்தில் யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்தில், கோணல் மாணலாக, ‘அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, தபால்காரர் பேனாவால் போட்ட தேதி: 19-7-1984.